ஒரு சொட்டுகூட வேண்டாம்

உருளைக்கிழங்கில் வெண்ணெய் இருந்தது. தட்டை மேசையில் வைத்து நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் வடமலைக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே போயிருந்தால் எவ்வளவு நிம்மதி என்றும் கூடவே தோன்றிவிட்டது. பார்வைக்கு ஒன்றுமில்லை. தோலுரித்து வேகவைத்த மூன்று கிழங்கு, பக்கத்தில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். பரிமாறுகிற இடத்தில் நின்ற அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். வடமலை நீட்டிய காகிதத்தை வாங்கி, உதடு அசைய முழுவதும் படித்து, தலையை ஆட்டி, வெண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்துக் காட்டிவிட்டுத்தான் போட்டாள். நல்ல மனுஷி. ஆனால் கரண்டி? அதே கரண்டியால்தானே முன்னால் நின்றவனுக்கும் போட்டாள். அதில் ஒட்டியிருந்தது ஒரு கிழங்கின் ஓரத்தில் ஏறிவிட்டது. ஒரு சொட்டுகூட முழுதாக இருக்காது. வேறு யாருக்கும் தெரியவே தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பத்தாறு வருஷம் பால்கோவா கிண்டியவருக்குத் தெரியாமல் இருக்குமா? பால்காரன் கேனைத் திறக்கும்போதே இது காலைக் கறவையா, நேற்று சாயங்காலத்து மிச்சமா என்று சொல்கிற மூக்கு. அந்த மூக்கை வைத்துத்தான் கடை போட்டார், வீடு கட்டினார், ஒரே மகன் நவநீதனைப் படிக்கவைத்து போலந்துக்கு அனுப்பினார். அந்த மகனின் சாம்பலை வாங்கிப்போகத்தான் இப்போது வந்திருக்கிறார். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே முக்கால்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட சாப்பாட்டுக் கடைகளுக்குப் பேரே பால் கடைதானாம். பழைய காலத்திலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். மெர்லின் சொன்னாள். நவநீதனோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவள், தூத்துக்குடிக்காரி, கல்யாணமாகி இங்கேயே குடியிருக்கிறவள். நாலு நாளாக லீவு போட்டுவிட்டு இவரைக் கையைப் பிடிக்காத குறையாக ஒவ்வொரு இடமாகக் கூட்டிப்போகிறாள். வேறு கடை இந்நேரத்துக்குத் திறந்திருக்காது அங்கிள், வாசனை பிடிக்கலன்னா வெளியே பெஞ்சில் உட்காரலாம் என்றாள். வாசனை பிடிக்காமல் என்ன? அதுதான் பிடித்துத் தொலைத்தது. உள்ளே காலை வைத்ததும் கொதிக்கிற பால் வாடை முகத்தில் அடித்தது. விடியற்காலை நாலு மணிக்கு அவருடைய கடையில் முதல் வாணலி பொங்கி அடங்குமே, அதே வாடை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி நெஞ்சு இளகியது. அடுத்த நொடி வெட்கமாகிவிட்டது. பிள்ளையைச் சாம்பலாக்கிவிட்டு வந்து பால் வாடையில் சுகம் காண்கிற ஜென்மம். வெளியே நவம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது. சர்க்கரை மாத்திரை காலையிலேயே போட்டாயிற்று, வயிற்றில் ஒன்றும் இல்லை, விரல் நுனி லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் அங்கே போய் மயங்கி விழுந்து அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தொல்லை. அவளை இப்போதுதான் எதிர்க் கடைக்கு அனுப்பியிருக்கிறார், பால் வாங்கி வர. பாலா அங்கிள் என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். ஆமாம் என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெண்ணெய் படாத கிழங்கு எது என்று பிரித்துவிடலாம். நடுவில் இருப்பதில் பட்டிருக்கிறது, ஓரத்தில் இருப்பது சுத்தம்தான். முள்கரண்டியால் அதைத் தள்ளப் போனார், நடுங்கிய கையில் அது உருண்டு நடுக்கிழங்கிலேயே போய் இடித்துக்கொண்டு நின்றது. இனி அதுவும் போச்சு. பாலும் நெய்யும் தொடாமல் இருக்க யாரும் அவரைச் சொல்லவில்லை. செய்தி வந்த அன்று ரெங்கநாயகியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. மனைவிக்குத் துணையாக வராண்டாவில் உட்கார்ந்திருந்தவருக்கு யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். வாய்வரை கொண்டுபோனார். இறங்கவில்லை. துக்கத்தில் இறங்கவில்லை என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். மதுரையில் விமானம் ஏறும்போதும் இறங்கவில்லை. துபாய் விமானத்தில் சைவம் என்று சொல்லி ஒரு தட்டைக் கொடுத்தார்கள், பனீர், தயிர், பக்கத்தில் குட்டி ரொட்டி. ரொட்டியை மட்டும் எடுத்து மோந்து பார்த்தார். பால் பவுடர். சோற்றில் நெய். கடைசியில் ஊறுகாயும் மூன்று திராட்சையும் தின்றார். பக்கத்து சீட்டுக்காரர் சாமிக்கு மாலையா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவைத்தார். இங்கே வந்த பிறகு அது இன்னும் பெரிய ரோதனை. சூப்பில் க்ரீம், கோஸில் வெண்ணெய், பிஸ்கட்டில் மோர்த்தூள், சிப்ஸில் கூடப் பால்மாவு தடவி வைத்திருக்கிறான்கள். உலகமே பாலில்தான் மிதக்கிறது என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டவர் வடமலை. அதில் ஒருத்தன் கால் நனையாமல் நடந்து போவது என்றால் என்ன பாடு என்று இந்த நாலு நாளில்தான் தெரிகிறது. இதை நவநீதன் ஆறு வருஷம், ஒவ்வொரு வேளையும், தனியாக, இந்தக் குளிரில் செய்திருக்கிறான். பாஷை தெரியாத ஊரில் கடை கடையாக நின்று இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் அந்தக் காகிதத்தை எழுதி வைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

காகிதம் அவனுடைய பர்ஸில் இருந்தது. மழையில் டிராம் தண்டவாளத்தில் சைக்கிள் சக்கரம் வழுக்கி விழுந்தபோது அவன் சட்டைப்பையில் இருந்த பர்ஸை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். நாலாக மடித்து, மடிப்பில் டேப் ஒட்டி, இந்த ஊர் பாஷையில் அவனே எழுதியது. ஆபீசில் ஒரு ஆளை வைத்துத் திருத்தி வாங்கினானாம். வந்த முதல் நாள் வடமலை அதை மெர்லினிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் எதுவும் நான் சாப்பிடுவதில்லை. ஒரு சொட்டுகூட வேண்டாம். அதுவரை கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தவள் கடைசி வரியில் நிதானித்தாள். தெரியாமல் போட்டுவிட்டால் பரவாயில்லை, கோபப்பட மாட்டேன், என்னிடம் சொல்லிவிடுங்கள், போதும். அப்படித்தான் எழுதியிருந்தானாம். மெர்லினுக்கு அது வெறும் மரியாதை. ரொம்பத் தன்மையான ஆளு அங்கிள் உங்க பையன் என்றாள். வடமலை காகிதத்தை வாங்கி, எந்த மடிப்பில் மடித்திருந்ததோ அதே மடிப்பில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தெரியாமல் போட்டுவிட்டால் பரவாயில்லை. தெரிந்தே போட்டால்? அதற்கு அவன் ஒன்றும் எழுதவில்லை.

வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று மனசைப் பிடித்து இழுத்தார். எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தார். பின்மேசையில் ஒரு கிழவர் பால் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தார், நல்ல ஏடு படிந்த கஞ்சி. ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நவநீதன், நமக்குப் பால் ஊற்றுகிற வீட்டில் ஒரு காளைக்கன்று கட்டிக்கிடந்ததே, அது எங்கேப்பா என்று கேட்டான். அதோட மாமா வீட்டுக்குப் போயிருக்கு என்றார். கறிக்கு விற்றுவிட்டார்கள் என்று சின்னப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டு போய்விட்டான். பதிமூன்று வருஷம் கழித்து, காலேஜ் முடித்துவிட்டு வந்து, கடையில் கூட்டமாக இருக்கும்போது, அந்தக் கன்னுக்குட்டி இன்னும் மாமா வீட்டுலதான் இருக்காப்பா என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. அன்றிலிருந்து பால் தொடவில்லை. வெண்ணெய் என்று பேர் வைத்த பிள்ளை, பால்கோவாக் கடைக்காரன் வாரிசு, பால் குடிக்க மாட்டானாம் என்று பஜார் பூராவும் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் வடமலையைக் கொன்றது. அடுத்தவன் காலையும் மாலையும் கறந்து ஊற்றுகிற பாலில்தானே நீ எஞ்சினியர் ஆனாய் என்று கத்தினார், உன் ரத்தத்தில் ஓடுவதே பால்தான்டா என்றார். சரிப்பா என்றான். எதற்கும் சரிப்பா. சண்டைக்கு வந்தாலாவது ரெண்டு அறை கொடுத்திருக்கலாம். சரிப்பா என்கிறவனை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாமல்தான் அப்படிச் செய்தார். இல்லை, இது பொய். ஜெயிக்க வேண்டும் என்றுதான் செய்தார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்திருந்தான். ரெங்கநாயகி அவனுக்கென்று தனிச் சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றித் தாளித்துக்கொண்டிருந்தாள். வடமலை அடுப்படிக்குப் போய், பருப்பில் ஒரு கரண்டி நெய் விடு என்றார். வேண்டாங்க, பிள்ளை நம்பிச் சாப்பிடுது என்றாள். ஊத்துன்னா ஊத்து என்றார். ஊற்றினாள். மூன்று நாள் ஊற்றினாள். பருப்பு நல்லாருக்கும்மா என்று அவன் ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டான். வடமலை உள்ளுக்குள் எக்காளமிட்டார். நாலாம் நாள் அண்ணன் பலராமன் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. பதினொரு பேர் வரிசையாக இலையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ அவனுடைய சாப்பாட்டைக் கிண்டல் செய்தார்கள். அதுதான் சமயம் என்று வடமலை எழுந்து நின்று சொன்னார். மூணு நாளா நெய் ஊத்தின பருப்பைத்தான்டா தின்னுட்டு இருக்க. என்ன, செத்தா போயிட்ட? இலை அதிரச் சிரித்தார்கள். அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. நவநீதன் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. அப்பாவைப் பார்க்கவே இல்லை, அம்மாவைப் பார்த்தான். ரெங்கநாயகி அப்பளத் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவன் இலையை மூடிவிட்டுப் போய்க் கை கழுவினான். கொல்லையில் அவன் தொண்டைக்குள் விரல் விட்டு ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று நாள் சோறு எப்படி வெளியே வரும்? மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் பேசினான், அவரிடமும்தான். சாப்பிட்டீங்களாப்பா என்பான். சாப்பிட்டேன், நீ என்பார். சாப்பிட்டேன்பா என்பான். போன வருஷம் ஒரு வாரம் வந்திருந்தபோது புதுச் சட்டி ஒன்றும் கரண்டி ஒன்றும் பஜாரில் வாங்கி வந்து அவனே பொங்கிச் சாப்பிட்டான். பெற்றவள் கையால் ஒரு வாய்ச் சோறு வாங்கவில்லை. அதற்காக அவள் இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செத்தா போயிட்ட. இந்தப் பாழாய்ப்போன வாய் வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? கெட்டா போயிட்ட, குறைஞ்சா போயிட்ட, எத்தனை இருக்கிறது. பிணவறையில் திரையை விலக்கி முகத்தைக் காட்டினபோது, அழுகைக்கும் முன்னால் முதலில் வந்து நின்றது இந்தச் சொல்தான். அவன் பதில் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. சரிப்பா. உடம்பைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்ப மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ரெங்கநாயகி மூன்று வாரம் தாங்க மாட்டாள் என்று இங்கேயே எரித்தாயிற்று. நேற்று முடிந்தது. நேற்று மத்தியானம் அண்ணன் போன் செய்து, எரித்த மறுநாள் பால் தெளிக்க வேண்டும், அதை விட்டுவிடாதே என்றார். கலசத்தின் மேல் மூன்று சொட்டுத் தெளித்தால் போதும், நாங்கள் எல்லாரும் இங்கே கூடத்தில் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம் என்றார். அவனுக்குப் பால் ஆகாதேண்ணே என்று வடமலை மெல்லச் சொன்னார். அண்ணன், இருக்கிற வரைக்கும்தான்டா அவன் கொள்கை, இனிமே நம்ம வழக்கம், நெஞ்சு குளிர்ந்து போக வேண்டாமா பிள்ளை, தாகத்தோட அலைய விடப் போறியா என்று அழுதுவிட்டார். அண்ணனும் தூக்கி வளர்த்தவர்தான். அவர் சொல்வதும் தப்பில்லை. அப்பனுக்கு, அம்மாவுக்கு, தாத்தாவுக்கு எல்லாருக்கும் தெளித்தது. வழி தெரியாத ஊரில், மழையில், ஒருவேளை நிஜமாகவே தாகத்தோடு நின்றுகொண்டிருந்தால்? ஆனால் கண்ணை மூடினால் இலையை மூடி எழுந்து போகிறவன் முதுகுதான் தெரிகிறது. அன்றைக்காவது கொல்லைக்கு ஓடிப்போக அவனுக்குக் கால் இருந்தது. இன்றைக்குத் தெளித்தால் எங்கே போய் ஓங்கரிப்பான்?

மெர்லின் குடையை உதறிக்கொண்டு வந்தாள். முதலில் ரெண்டு வாழைப்பழத்தை மேசையில் வைத்தாள். தொடாத தட்டைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ரெண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒன்றில் மாடு படம் போட்டிருந்தது. இன்னொன்று, நவநீதன் தினமும் காபியில் விட்டுக்கொள்கிற ஓட்ஸ் பால். எது வேணும்னு எனக்குத் தெரியல அங்கிள், அதான் ரெண்டும் வாங்கிட்டேன் என்று அவள் ஏதோ தப்புச் செய்தவள் போலச் சொன்னாள். வடமலை பழத்தை உரித்து ரெண்டு வாயில் விழுங்கினார். மாட்டுப் பால் பெட்டியைத் திறந்து மோந்தார். நல்ல பால். தண்ணீர் கலக்காத, கொழுப்பு எடுக்காத, வாணலியில் விட்டால் நாலு லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேலே கோவா நிற்கிற பால். இப்படிப்பட்ட பாலுக்காக முப்பத்தாறு வருஷம் எத்தனை கேன்களுக்குள் தலையை விட்டிருப்பார். மற்றதைத் திறந்தார். கஞ்சி வாடை அடித்தது. பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நிறம் மட்டும்தான். போனில் பார்க்கிறவர்களுக்கு நிறம் போதும். அண்ணனுக்கும் நிறைவு, பிள்ளைக்கும் குறையில்லை, யாருக்கும் தெரியாது. நல்ல யோசனைதான். தெரியாமல் ஊற்றுவதில் அவர் கைதேர்ந்தவர் ஆயிற்றே. இந்த நினைப்பு வந்ததும் நாக்கில் வாழைப்பழம் கசந்தது. மாட்டுப் பாலை எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாறுகிற அம்மாளிடம் கொடுத்தார். அவள் குழம்பிப்போய், பிறகு வாங்கிக்கொண்டாள்.

சாம்பலைக் கொடுக்கிற அலுவலகம் ரெண்டு தெரு தள்ளி இருந்தது. சின்ன அறை, ஒரு மேசை, ஒரு செடி. கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் கரும்பச்சை நிறக் கலசம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியை அரக்கு வைத்து ஒட்டியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டார். மெர்லின் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் அந்தப் பெண் ஒரு தட்டையும் கொடுத்து, கலசத்தைத் தட்டில் தூக்கி வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெர்லின் போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கூடம் நிறைய ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் அண்ணன், பின்னால் அன்று விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும். ரெங்கநாயகி சுவரோரம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. ம், தெளிடா என்றார் அண்ணன். வடமலை அட்டைப்பெட்டியை எடுத்தார். மூடியில் கை வைத்தவர் திருகாமல் நின்றார். பிறகு அதை மெர்லினிடம் நீட்டினார்.

“இதுல என்னென்ன இருக்குன்னு சத்தமாப் படிம்மா. தமிழ்ல சொல்லு.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தாள். “தண்ணி. ஓட்ஸ். சூரியகாந்தி எண்ணெய். உப்பு. அவ்வளவுதான் அங்கிள்.”

“என்னடா வடமலை, அந்தப் பிள்ளை என்ன படிக்குது?” என்றார் அண்ணன்.

வடமலை போனைப் பார்க்கவில்லை, கலசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இது பால் இல்லண்ணே. அவன் குடிக்கிறது. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். அதான் அந்தப் பிள்ளையைப் படிக்கச் சொன்னேன்.”

பின்னால் யாரோ எழுந்திருப்பது தெரிந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு ரெங்கநாயகி முன்னால் வந்தாள், அவள் முகம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது.

“இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க,” என்றாள். “மெதுவா.”

மெர்லின் பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பி முதலிலிருந்து படித்தாள்.